மூழ்க மறுத்த துளி

மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவையில் வைத்திருப்பார்கள். ரத்த தான முகாமில் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவார்கள். சொட்டு நேராக அடிக்குப் போனால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, கட்டிலில் போய்ப் படுக்கலாம். மேலேயே மிதந்தால் எழுந்து வீட்டைப் பார்க்கப் போகலாம். அவ்வளவுதான் பரீட்சை. படிக்க ஒன்றும் கிடையாது, காப்பியடிக்கவும் வழியில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சரவணம்பட்டியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்த ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளையும், ரிவர்ஸ் என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் பேராசிரியர்களையும் திட்டித் திட்டியே லைசென்ஸ் வாங்க வைத்தவள். "பிரேக் இல்லாத வண்டி" என்று என் கணவர் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட நான் அந்த ஒரு சொட்டுப் பரீட்சையில் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, இப்ப எடுக்க முடியாதுங்க. சத்துக் கம்மியா இருக்குதுங்க. நல்லாச் சாப்புட்டுப்போட்டு அடுத்த வாட்டி வாங்க" என்று முகாமில் இருந்த பெண் சொன்னாள். எவ்வளவு மரியாதை! எங்கள் ஊரில் ஆளைத் துரத்துவதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் துரத்துவோம். ஆனாலும் துரத்தினது துரத்தினதுதானே.

என் கணவருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. பம்ப் மோட்டார் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறார். வருஷக்கணக்காக ரத்தம் கொடுக்கிறார். அவருடைய சொட்டு கிணற்றில் போட்ட கல் மாதிரி அடிக்குப் போகும். கொடுத்து முடித்துவிட்டு, அவர்கள் தருகிற பிஸ்கட் பாக்கெட்டையும் மாம்பழ ஜூஸையும் வாங்கிக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து மொறுக் மொறுக்கென்று தின்பார். பாதியை என்னிடம் நீட்டுவார்.

"குடுத்தவங்களுக்குத்தானுங்க பிஸ்கட். நீங்களே தின்னுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். எங்கள் மகளுக்குப் பிரசவமான அன்று குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனால் மகளுக்கு ரத்தப் போக்கு நிற்கவில்லை. டாக்டரும் நர்ஸும் ஓட்டமாக ஓடினார்கள். ஒரு பை ரத்தம் ஏறியது, அப்புறம் இன்னொன்று. வெளுத்த காகிதமாகக் கிடந்தவளின் உதட்டில் மெல்ல நிறம் வந்ததை நான் நின்று பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த பையைக் காட்டி, "ஆரு குடுத்த ரத்தமுங்க இது?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"தெரியாதுங்கம்மா. பேங்க்குல இருந்து வருதுங்க. ஆராவது எப்பவாவது குடுத்திருப்பாங்க."

அந்தப் பதிலைக் கேட்டு அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு கும்பிடு போடக்கூட ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் மொய் வைத்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பி வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் சோறு இறங்காது. பெயரே சொல்லாமல் ஒருவர் என் மகளையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு எப்படித் திருப்பிச் செய்வது? நானும் யாரென்று தெரியாத ஒருவருக்குச் செய்துவிடுவதுதான் ஒரே வழி என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அன்றைக்கே கையையும் நீட்டினேன். சொட்டு மிதந்தது. சில மாதம் கழித்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். அங்கேயும் மிதந்தது.

"நான்தான் குடுத்துட்டேனே அம்மணி. ஊட்டுக்கு ஒரு ஆள் போதாதா?" என்றார் கணவர்.

"பெத்தது நானுங்க. என்ற கையில இருந்து போகோணும்."

 மறுநாளே கணவர் என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா என்னென்னவோ பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டுபிடித்தார். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதில் எனக்குப் போக்கு அதிகம். அதற்கு வைத்தியம் சொன்னார், இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். கடைசியாக, "முழுத் தானிய மாவு, கீரை, ரெண்டையும் நல்லாச் சேத்துக்குங்க" என்றார். அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்ன அந்த இரண்டும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இரண்டு கட்சியாகிவிட்டன.

மாவுக் கட்சிக்குத் தலைவர் என் கணவர். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து ராத்திரிச் சப்பாத்தி அவர் பொறுப்பு. என்னை அடுப்புப் பக்கம் விடமாட்டார். கோதுமையை வாங்கி, கல் பொறுக்கி, மாடியில் காயவைத்து, மாவு மில்லுக்கு அவரே தூக்கிக்கொண்டு போவார். அரைத்து முடிகிற வரைக்கும் மில்லில் காவல் நிற்பார். "கடை மாவுல தவுட்டப் பூரா எடுத்துருவாங்க. நம்முளது முழுசு, அப்புடியே முழுசு" என்று சொல்லும்போது மாப்பிள்ளை வீட்டார் தோரணை வந்துவிடும்.

கீரைக் கட்சிக்குத் தலைவி என் நங்கை. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்கள் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மொட்டை மாடி முழுக்கப் பைகளில் மண் நிரப்பி அரைக்கீரை, பாலக், புளிச்சக்கீரை என்று போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் முருங்கை மரம் வேறு. அவர் மேலே சமைத்து, மத்தியானமும் ராத்திரியும் ஒரு கிண்ணம் கீரைக் கடைசலைக் கீழே கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் காலி செய்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பார். பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளர்கூட அப்படிப் பார்க்கமாட்டார்.

"கீரையில என்னக்கா இருக்குது? பூராத் தண்ணி. புழிஞ்சா ஓடிரும்" என்பார் தம்பி.

"மாவத் தின்னா வகுறுதான் ரொம்பும் தம்பி. ரத்தம் ஊறுமா?" என்பார் அக்கா.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றிப்போய்த் தராசு வரைக்கும் வந்துவிட்டது. நூறு கிராமுக்கு நூறு கிராம் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று இரண்டு பேரும் சவால் விட்டார்கள். நடுவர், மேட்டுப்பாளையத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் எங்கள் மகள். வீடியோ காலில் வந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். நூறு கிராம் மாவு தட்டில் சின்னக் குவியலாக அடங்கிவிட்டது. நூறு கிராம் அரைக்கீரையோ முறத்தையே மூடிக்கொண்டது. "பாத்துக்குங்க!" என்று நங்கை கையைத் தட்டினார்.

மகள் போனில் சத்துப் பட்டியலைத் தேடிப் படித்தாள். உழைக்கத் தேவையான சக்தி? மாவுக்கு. புரதம்? மாவுக்கு. நார்ச்சத்து? அதுவும் மாவுக்குத்தான். கணவர் மீசையைத் தடவிக்கொண்டார். கண்ணுக்கு நல்லது செய்கிற வைட்டமின் ஏ? கீரைக்கு. வைட்டமின் சி மாவில் இல்லவே இல்லை, கீரைக்கு. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பார்களே ஃபோலிக் ஆசிட், அது கீரைக்கு. சுண்ணாம்புச் சத்து? கீரைக்கே. நங்கை எழுந்தே நின்றுவிட்டார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "கண்ணு, இரும்பு என்னாச்சு?" என்றேன்.

"ரெண்டுலயும் இருக்குதும்மா."

"ட்ரா!" என்று நான் கத்தினேன். சமம் என்று ஒத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனமில்லை.

"இந்தக் கீரையக் கடைஞ்சு பாருங்க, ஒரு கரண்டி வந்தாப் பெருசு. என்ற மாவு நாலு சப்பாத்தி ஆகும்."

"அப்ப அந்த மாவ அப்புடியே அள்ளி வாயில போடு தம்பி, பாக்கலாம்."

அவர்கள் போட்ட சண்டையில் எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது. "டீசல் பெருசா, எஞ்சின் ஆயில் பெருசான்னு ஆராவது சண்டை போடுவாங்களா? ஒண்ணு இல்லாட்டி வண்டி கெளம்பாது, இன்னொண்ணு இல்லாட்டிப் பாதி வழியில நின்னுபோகும். ரெண்டையும் கொண்டாங்க!" என்றேன். தீர்ப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டையும் வெளுத்துக் கட்டினேன். காலையில் ராகிக் கூழ், மத்தியானம் கம்பஞ்சோறோ ராகிக் களியோ கூடவே கீரை, ராத்திரி சப்பாத்தியும் புளிச்சக்கீரைக் கடைசலும். சப்பாத்தி பஞ்சு மாதிரி இருக்கும். கடைசலில் துளிக் கசப்போ அதிகப் புளிப்போ இருக்காது. வாய்க்கு அவ்வளவு சுகம்! நம் ரத்தம் இந்நேரம் இரும்புப் பட்டறை ஆகியிருக்கும் என்று நம்பிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போனேன்.

சொட்டு நீலத் தண்ணீருக்குள் இறங்கியது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பாதி வழி போனது, நின்றது, யோசித்தது, மறுபடி மேலே வந்துவிட்டது.

வெளியே வந்து, கண்ணாடியில் சிவப்பு 'எல்' ஒட்டிய எங்கள் ஸ்கூல் காரில் உட்கார்ந்து அழுதேன். எத்தனையோ பேர் ஃபெயில் ஆகி அழுத அதே சீட். கணவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு கட்சியும் ஒன்றின் மேல் ஒன்று பழி போட்டுக்கொண்டன. கீரைதான் மாவின் சத்தைக் கெடுத்தது என்றார் இவர். மாவுதான் கீரையை ஒட்டவிடாமல் செய்தது என்றார் அவர். எனக்குக் கேட்கக்கூடத் தெம்பில்லை. என்னால் ஆகாது போலிருக்கிறது, இந்த ஜென்மத்தில் திருப்பிச் செய்யாமலே போய்விடுவேன் என்று முதல்முறையாகப் பயம் வந்தது.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் எங்கள் பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்புறத்தில், துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடு வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாக ஒரு சொம்பை நீட்டினார்.

"ஏனுங்கம்மணி, இந்தாங்க பாலு. காசெல்லாம் வேண்டாமுங்க."

"எதுக்குங்க திடீர்னு?"

"உங்க ஊட்டுக்காரரு வாராவாரம் தவுடு குடுக்கறாரல்லங்க. அதத் தின்னதுல இருந்து மாட்டு ரோமத்தப் பாருங்க, எப்புடி மினுக்குது! பாலும் கூடிப்போச்சுங்க."

எட்டிப் பார்த்தேன். மாடு உண்மையிலேயே கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. சந்தோஷமாகச் சொம்பை வாங்கினேன். அப்புறம்தான் உறைத்தது. எந்தத் தவிடு? எங்கள் வீட்டில் ஏது தவிடு? எங்கள் மாவுதான் அப்படியே முழுசாயிற்றே!

நான் வாயைத் திறப்பதற்குள் பின்பக்க மாடிப்படியில் நங்கை இறங்கி வந்தார். கையில் ஒரு குண்டான். அதில் கரும்பச்சையாகத் தண்ணீர். "ஆறிப்போச்சு, இனி ஊத்தலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கறிவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றினார். செடியா அது? ஜன்னலைத் தாண்டி, சன்ஷேடைத் தாண்டி, மாடிக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னுகிறது.

"நங்கை, என்ன தண்ணிங்க அது?"

"கீரை வேகவெச்ச தண்ணி கண்ணு. வடிக்காட்டிப் புளிப்பு ஏறிரும், நீ திங்கமாட்டே. அதுக்குன்னு வீணாவா கொட்ட முடியும்? செடிக்கு ஊத்துவேன்."

ஒரு பக்கம் மாடு. இன்னொரு பக்கம் கறிவேப்பிலை. நடுவில் ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நான். எனக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று கேட்டால் இரண்டும் சேர்ந்து வந்தது. "ஏனுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கணவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். கையில் சல்லடை. டவுனுக்குப் போய்த் தேடி வாங்கிய, பவுடர் சலிக்கிற அளவுக்குப் பொடிக்கண் சல்லடை. முழங்கை வரைக்கும் மாவு.

"சலிக்கறீங்களா?"

"பின்ன? சலிக்காமப் போட்டா வறட்டி மாதிரி இருக்கும் அம்மணி. உனக்கு மெதுவா இருக்கோணும்னுதான்..."

"மில்லுல காவல் நின்னு முழுசா அரைச்சுட்டு வந்து, ஊட்டுல உக்காந்து தவுட்டப் பூரா எடுத்து மாட்டுக்குப் போட்டிருக்கறீங்க!"

அவர் சல்லடையைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பார்த்தார். "வீணாக்கலயே..." என்று இழுத்தார். அக்காவும் தம்பியும் அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் வீணாக்கமாட்டார்கள். தவிட்டை மாடு தின்றது, கீரைத் தண்ணீரைச் செடி குடித்தது. மாடு தேறிவிட்டது, செடி தேறிவிட்டது. வீட்டில் தேறாத ஆள் நான் ஒருத்திதான்.

எனக்குப் பிடிபட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! என் உடம்பு ஏற்காமல் இல்லை, சத்து வந்து சேரும் வழியில்தான் ஓட்டை! துணியை அப்படியே போட்டுவிட்டு மகளுக்குப் போன் போட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாவில் இருக்கிற இரும்பும் நாரும் பெரும்பாலும் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது, கீரையின் வைட்டமின் சியும் ஃபோலிக் ஆசிட்டும் தண்ணீரில் இறங்கிவிடும் என்று படித்துச் சொன்னாள். நான் வழக்கறிஞர் மாதிரி இரண்டு குற்றவாளிகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அவள் கேட்டாள்.

"அது சரிம்மா, மாத்திரைய எப்பப் போடறே?"

"சாப்புட்டதும் காப்பி குடிப்பேனல்ல, அதுலயே முழுங்கிருவேன்."

அந்தப் பக்கத்திலிருந்து "அம்மா!" என்று ஒரு கத்தல். "காப்பி இரும்பச் சேரவே விடாதும்மா! சாப்பாட்டோட இரும்பையும் விடாது, மாத்திரையோட இரும்பையும் விடாது!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது என் தலைவிதி. பல மாதமாகப் பேசிக்கொள்ளும்போதெல்லாம் சண்டை போட்ட அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "மாடு குடிச்சுது, செடி குடிச்சுது, மிச்சத்தக் காப்பி குடிச்சுபோட்டுது" என்றார் நங்கை. 

டாக்டரம்மாவும் அதையே சொல்லித் திட்டினார். மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார். தவிட்டிலேயே இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற குணமும் உண்டாம். பக்கத்தில் புளிப்பாக ஏதாவது இருந்தால் உடம்புக்கு அது கொஞ்சம் இளகிக் கொடுக்குமாம். "சாப்பாடு துணைக்குத்தான். அத நம்பி மாத்திரைய உட்றாதீங்க" என்றும் சொன்னார். நானோ புளிப்பு என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். புளிப்பு என்றுதானே நங்கை வடித்துக் கொட்டினார்? கீரையிலேயே இருந்த துணையை அல்லவா செடிக்கு ஊற்றியிருக்கிறோம்! பட்டியல் போட்டு யார் பெரியவர் என்று பார்த்தோமே தவிர, தவிட்டுக்கும் கீரைக்கும் சம்பந்தம் செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் எங்கள் சமையலறை இருந்த குஷியைப் பார்த்திருக்க வேண்டும். சல்லடையைப் பரண்மேல் ஏற்றினோம். சலிக்காத மாவில் போட்ட முதல் சப்பாத்தி உண்மையிலேயே வறட்டிதான். கணவர் அவமானத்தில் சுருங்கிப்போனார். மறுநாள் தண்ணீரைக் கூட்டிப் பிசைந்து, ஈரத் துணி மூடி ஊறவைத்துப் போட்டார். மெதுவாக வந்தது! கோதுமை வாசனை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நங்கை கீரையைக் கொஞ்சமே தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கடைந்தார். நாக்குச் சுள்ளென்றது. நான் சப்புக் கொட்டிக்கொண்டு தின்றேன். இரண்டு கட்சியும் ஒரே தட்டில் கூட்டணி வைத்துவிட்டன.

காப்பிதான் என்னை அழவைத்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் டம்ளரைத் தேடும் கையை என்ன செய்வது? காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு டம்ளர் என்று ஒப்பந்தம். அந்த வாரங்களில் என்னிடம் வண்டி பழகியவர்கள் பாவம் செய்தவர்கள். ஒரு பையன், "மேடம், கிளட்ச்ச உடட்டுமா, இல்ல வண்டி பழகறதையே உடட்டுமா?" என்றே கேட்டுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரரும் ஒருநாள் மதிலுக்கு மேலாக, "ஏனுங்க, மாட்டு மேல ஏதாவது கோவமுங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். கணவருக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒரு மூட்டைத் தவிடு வாங்கி மாட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. நகத்தில் நிறம் வந்தது. சாயங்காலக் கடைசி வகுப்பில்கூடக் குரல் தளரவில்லை. அதில் யாருக்கும் சந்தோஷமில்லை, எனக்கு மட்டும்தான்.

டாக்டரம்மா சரி என்று தலையாட்டிய பிறகு, சரவணம்பட்டியிலேயே ஒரு கல்லூரியில் நடந்த முகாமுக்குப் போனோம். மூன்று பேரும். நங்கை முந்தானையில் நெல்லிக்காய் முடிந்துகொண்டு வந்திருந்தார், கடைசி நிமிஷத்தில் ஏதாவது உதவுமாம். நான் விரலை நீட்டினேன். குத்தினார்கள். சொட்டு நீலத்தில் விழுந்தது. பாதி வழி போனது. நான் மூச்சை நிறுத்திவிட்டேன். நிற்கவில்லை. யோசிக்கவில்லை. நேரே போய் அடியில் உட்கார்ந்துகொண்டது.

"முழுகிருச்சு!" என்று நான் கத்திய கத்தலில் முகாமே திரும்பிப் பார்த்தது. ஒரு பொருள் மூழ்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

"மாவு!" என்றார் கணவர்.

"கீரை!" என்றார் நங்கை.

"மாத்திரைக்கும் ஒரு கும்பிடு போடுங்க" என்றேன் நான்.

எனக்குப் பின்னால் கணவர் உட்கார்ந்தார். ரத்த அழுத்தம் பார்த்த பெண் முகத்தைச் சுளித்தாள். மறுபடி பார்த்தாள். என் சொட்டைப் பார்த்த படபடப்பில் அவருக்கு எகிறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் உட்காரவைத்துப் பார்த்தும் இறங்கவில்லை. "ஐயா, இன்னைக்கு வேண்டாமுங்க. அடுத்த வாட்டி வாங்க" என்றாள். என்னைத் துரத்திய அதே மரியாதை.

நான் கட்டிலில் படுத்துக் கையில் கொடுத்த பந்தை அமுக்கிக்கொண்டிருந்தேன். குழாய் வழியாக வெதுவெதுப்பாக இறங்கியது. பை மெல்ல உப்பியது. பயமே இல்லை. என் மகளின் உதட்டில் நிறம் வந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. அங்கே ஏறியது, இங்கே இறங்குகிறது. அழுகை வந்தது, துடைத்துக்கொள்ள ஒரு கைதான் சும்மா இருந்தது.

எழுந்து வந்ததும் பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் கொடுத்தார்கள். எத்தனை நாள் ஆசை! கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபெயிலான பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து பாதியை நீட்டினேன்.

"குடுத்தவங்களுக்குத்தானுங்க பிஸ்கட்" என்றார்.

"ரொம்பப் பிகு பண்ணாதீங்க, தின்னுங்க" என்று வாயிலேயே திணித்தேன். நங்கை தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

வாசலுக்கு வந்தபோது ரத்தப் பைகளைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பைகள். அதில் எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. "ஏனுங்க, இதெல்லாம் ஆருக்குப் போகுமுங்க?" என்று ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியாதுங்கம்மா. ஆருக்குத் தேவையோ அவங்களுக்குங்க."

ஆஸ்பத்திரியில் என்னை அழவைத்த அதே பதில். இன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு மரமும் இருக்க, வேன் டிரைவர் ரிவர்ஸ் எடுக்கத் தடுமாறினார். நான் பின்பக்கம் போய் நின்று, "வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க, போதும், நேராக்குங்க" என்று வழி காட்டினேன். வண்டி திரும்பியதும் ஜன்னலருகே போனேன்.

"மெதுவாப் போங்க தம்பி" என்றேன். ஸ்டீயரிங் பிடித்த ஒருவரிடம் நான் கத்தாமல் பேசியது அதுதான் முதல்முறை.